கழற்றி வைத்த பேக்ஹோவை மீண்டும் மாட்டும்போது வரும் பழுதுகள்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

காவிரி டெல்டாவில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும், மண் தோண்டும் கருவியான பேக்ஹோவுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருப்பதில்லை. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு, மாசி தொடங்கி வைகாசி வரை, வாய்க்கால் தூர்வாருதல், பண்ணைக்குட்டை வெட்டுதல், வரப்பு உயர்த்துதல், குழாய் பதிக்கப் பள்ளம் பறித்தல் என்று அது ஓய்வின்றி ஓடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 நெருங்கியதும், அதே டிராக்டர் சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீலுக்கும், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கும் தேவைப்படுவதால், பேக்ஹோவைக் கழற்றிக் கொட்டகையில் நிறுத்திவிடுகிறோம். அங்கே அது ஏழெட்டு மாதங்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையையும் தாங்கிக்கொண்டு, யாரும் தொடாமல் நிற்கிறது.

மறுபடியும் மாட்டும் நாளில் தலைகாட்டும் பழுதுகளில் பெரும்பாலானவை அன்று உண்டானவை அல்ல. கழற்றிய நாளில் அவசரத்தில் விட்ட ஏதோ ஒரு வேலையின் விளைவாகவே அவை இருக்கின்றன. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, இப்போது என்ன செய்வது, அடுத்த முறை கழற்றும்போது எதை மாற்றுவது என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் சொல்வது, டிராக்டரின் அடியில் பொருத்தும் இரும்புச் சட்டமான சப்பிரேமில் மாட்டும் வகையை மனத்தில் வைத்துத்தான்: சப்பிரேமின் பின்முனையில் உள்ள இரண்டு கொக்கிகளில் பேக்ஹோவின் குறுக்குத் தண்டு அமரும், மேலே இரண்டு பெரிய பின்கள் அதைப் பூட்டும். உங்கள் இயந்திரத்தின் அமைப்பு வேறாக இருந்தால், அதனுடன் வந்த கையேட்டின் வரிசையே முதலில் பின்பற்றத் தக்கது.

தொடங்குவதற்கு முன் ஒன்றை வலியுறுத்த வேண்டும். 50 ஹெச்பி டிராக்டருக்கு உரிய பேக்ஹோ முக்கால் டன்னுக்குக் குறையாமல் இருக்கும். ஒரு டன்னைத் தாண்டுவதும் உண்டு. டிராக்டர் பின்னோக்கி வரும்போது இரண்டுக்கும் இடையில் யாரும் நிற்கக்கூடாது. "கொஞ்சம் வா, கொஞ்சம் வா" என்று கைகாட்டுபவர் பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். பின் துளை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. அந்தத் துளை ஒரு கத்தரிக்கோலைப் போல விரலைத் துண்டித்துவிடும் என்பதால், பார்ப்பதற்குக் கண்ணையும் டார்ச் விளக்கையும் மட்டுமே பயன்படுத்துங்கள்.

நிறுத்திய பேக்ஹோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும்: தரை உள்வாங்கியிருக்க வேண்டும், அல்லது ஊன்றுகால் சிலிண்டரில் இருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து கால் சுருங்கியிருக்க வேண்டும். ஊன்றுகாலின் அடித்தட்டைச் சுற்றி மண் மேலெழும்பி, தட்டு புதைந்திருந்தால் முதலாவது காரணம். தட்டு மண்ணின் மேலேயே இருக்க, அந்தப் பக்கத்துச் சிலிண்டரில் வெளியே தெரியும் ராடின் (உள்ளிருந்து நீளும் தண்டின்) நீளம் மட்டும் மறுபக்கத்தைவிடக் குறைந்திருந்தால் இரண்டாவது காரணம். கழற்றும் நாளிலேயே இரு ராடுகளின் நீளத்தையும் அளந்து சட்டத்தின் மீது பெயின்டால் எழுதி வைத்திருந்தால் இந்த ஐயத்திற்கே இடமிருக்காது.

டெல்டாவின் களிமண் கோடையில் பாறை போலக் காய்ந்திருந்தாலும் ஐப்பசி மழையில் குழைந்துவிடும். வைகாசி வெயிலில் நின்று பார்த்து, "இந்தத் தரை போதும்" என்று முடிவெடுத்தால் தவறாகிவிடும் என்பதை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டேன். ஒரு கால் ஒரு சாண் ஆழத்திற்குப் புதைந்து, இயந்திரத்தை நிமிர்த்துவதற்கே அரை நாள் ஆயிற்று. சிலிண்டர் சுருங்குவதற்கு இயந்திரம் பழையதாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. வால்வுக்குள், எண்ணெயின் வழியைத் திறந்து மூடும் ஸ்பூல் என்ற தண்டுக்கும் அதன் துளைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளி எப்போதும் இருக்கும். ஒரு டன் எடை அழுத்திக்கொண்டே இருந்தால், புதிய வால்வானாலும் அந்த இடைவெளி வழியாக எண்ணெய் துளித்துளியாகத் தப்பிச் செல்லும். பூட்டு வால்வு பொருத்திய ஊன்றுகால்கள் நெடுநாள் தாங்கும் என்றாலும், எல்லா மாடல்களிலும் அது இருப்பதில்லை.

சாய்ந்திருப்பதை நிமிர்த்தும்போது, முதலில் சாயும் பக்கத்தில் மரக்கட்டைகளை அடுக்கி, மேலும் விழாதபடி பிடிமானம் கொடுங்கள். பிறகு ஊன்றுகாலின் அடியில் ஜாக்கி வைக்காமல், பிரதான சட்டத்தின் அடியில் கனமான பலகையின் மீது ஹைட்ராலிக் ஜாக்கியை வைத்து, ஓர் அங்குலம் தூக்குவதும் உடனே கட்டையைச் செருகுவதுமாக மெல்ல உயர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டக்கூடாது.

அடுத்த முறை நிறுத்தும்போது, கான்கிரீட் தரை கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால், சரளை கொட்டி இடித்த தரையின் மேல் வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தையோ பழைய ரயில் கட்டையையோ போட்டு, அதன் மேல் பிரதான சட்டத்தை அமரச் செய்யுங்கள். தென்னந்துண்டு எளிதாகக் கிடைக்கிறதே என்று அதை வைக்க வேண்டாம். ஈரத்தில் ஒரே பருவத்தில் இற்றுவிடும். எடை முழுவதும் கட்டையில் இறங்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். ஊன்றுகால்கள் பக்கவாட்டில் சரியாமல் இருக்கத் தரையைத் தொட்டு நின்றால் போதும். பக்கெட்டைத் தரையில் அமர்த்தி, பக்கவாட்டுச் சுழற்சியைத் தடுக்கும் பின்னைச் செருகி, பேக்ஹோவின் பெரிய கையான பூமுக்குப் பூட்டு இருந்தால் அதையும் போடுங்கள். பூமை உயரத்தில் நிறுத்திவிட்டுப் போகும் வழக்கத்தைக் கட்டாயம் கைவிட வேண்டும்; கொட்டகையில் விளையாடும் பிள்ளைகள் லிவரைத் தொடுவதற்கு அதிக நேரம் ஆகாது.

கொக்கி அமர்கிறது, ஆனால் மேல் பின் துளைகள் நேராக வரவில்லை

டிராக்டரின் பின்சக்கரங்களில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கேஜ் வீல் போட்டுக் கழற்றிய பிறகு ஒரு டயரில் காற்று குறைவாக இருந்து, சப்பிரேம் ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதே இந்தப் பிரச்சினைக்குப் பல நேரங்களில் காரணமாக இருக்கிறது. காற்று சரியாக இருந்தும் துளைகள் சேரவில்லை என்றால், கொக்கியின் உட்புறத்தில் காய்ந்த சேறு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அரை அங்குலச் சேறே மேல் துளையை விலக்கி வைக்கப் போதுமானது.

இரண்டும் சரியாக இருந்தால், ஓஸ்களை (ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்களை) இணைத்து, இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பேக்ஹோவின் சொந்த ஊன்றுகால்களாலும் பூமாலும் சட்டத்தை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துத் துளைகளைச் சேர்க்கலாம். இயந்திரம் தன்னைத்தானே தூக்கி அமர்த்திக்கொள்ளும்படிதான் இது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சம்மட்டியால் பின்னை அடித்து ஏற்றினால் அன்றைக்கு அது ஏறிவிடும். ஆனால் துளையின் ஓரம் நசுங்கி, அடுத்த ஆண்டு கழற்றும்போது காஸ் வைத்து வெட்ட வேண்டியதாகும்.

ஓஸ் கப்ளர் உள்ளே போக மறுக்கிறது

என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான். இரண்டு கைகளாலும் முழு பலத்தோடு அழுத்தினாலும், ஓஸை டிராக்டரோடு இணைக்கும் கப்ளர் பூட்டுவதில்லை. நடுவில் உள்ள குமிழ் கல்லைப் போல உறுதியாக நிற்கிறது. கப்ளர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கியவர்களும் உண்டு. கப்ளரில் எந்தக் குறையும் இருக்காது. ஓஸுக்குள் அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிவடைந்து, வெளியேற வழியின்றி, அந்தக் குமிழை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் முழுமையாக அடைபட்ட உருக்குக் குழாயில், வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 10 பார் உயரும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ரப்பர் ஓஸ் சற்று விரிந்துகொடுப்பதால் அழுத்தம் அந்த அளவுக்கு ஏறாது என்றாலும், விடியற்காலைக் குளிரில் கழற்றப்பட்ட ஓஸ் மதிய வெயிலில் கிடந்தால், மனிதக் கை வெல்ல முடியாத அழுத்தம் அதற்குள் சேர்ந்துவிடும்.

குமிழைச் சுத்தியலால் தட்டியோ திருப்புளியால் குத்தியோ அழுத்தத்தை வெளியேற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதன் முகத்தில் விழும் சிறு பிசிறுகூட உள்ளிருக்கும் ஓ-ரிங்கை அறுத்துவிடும். பீறிட்டு வரும் எண்ணெய் கண்ணைப் பறித்துவிடும். எளிய வழி ஒன்று இருக்கிறது. அழுத்தம் சூட்டால் வந்ததென்றால் குளிர்ச்சியால் போகும். ஓஸின் மீது நனைத்த சாக்கைச் சுற்றி ஒரு மணி நேரம் நிழலில் விட்டுப் பாருங்கள். அல்லது மாட்டும் வேலையையே விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியும் இறங்காவிட்டால், பேக்ஹோவின் எடை முழுவதும் கட்டைகளில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கண்ணாடி அணிந்து, கப்ளருக்குப் பின்னால் ஓஸ் இணையும் நட்டைத் தடித்த துணியால் மூடி, கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். சில துளி எண்ணெய் கசிந்ததும் அழுத்தம் அடங்கிவிடும். உடனே நட்டை மீண்டும் இறுக்கிவிட வேண்டும். அழுத்தம் டிராக்டர் பக்கத்துக் கப்ளரில் இருந்தால் இவ்வளவும் தேவையில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, டிராக்டரின் வெளிப்புற ஹைட்ராலிக் லிவரை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் தள்ளினாலே போதும்.

இதை வராமலே தடுப்பதற்கு, ஓஸ்களை எண்ணெய் சூடாக இருக்கும்போது கழற்ற வேண்டும். வேலை முடிந்து வந்த மாலையில், இன்ஜினை அணைத்து, எல்லா லிவர்களையும் நான்கைந்து முறை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விடுவித்த பிறகு, எண்ணெய் சூட்டோடு இருக்கும்போதே கப்ளரைப் பிரியுங்கள். பிறகு எந்த வெயிலும் அந்தச் சூட்டைத் தாண்டப்போவதில்லை என்பதால், உள்ளே அழுத்தம் சேராது. குளிர்ந்த காலையில் நிதானமாகக் கழற்றலாம் என்று தள்ளிப்போடுவதால்தான் இந்தத் தொல்லை உண்டாகிறது.

கழற்றிய கப்ளர்களை மண்ணில் தொங்கவிடாமல், பேக்ஹோவின் இரண்டு ஓஸ் முனைகளும் ஆண், பெண் வகையாக இருந்தால் ஒன்றோடொன்று பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் மூடி போட்டு, மேலே பாலித்தீன் உறை கட்டுங்கள். திறந்து கிடக்கும் எந்தத் துளையையும் குளவி விட்டுவைக்காது. அது கட்டும் மண்கூடு முழுவதும் பொடி மணல்தான். அது பம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பேக்ஹோவைக் கழற்றிய பிறகு டிராக்டர் முக்குகிறது, ஹைட்ராலிக் எண்ணெய் கொதிக்கிறது

இது சேமித்து வைத்த பேக்ஹோவில் வரும் பழுது அன்று. அது இல்லாமல் ஓடும் டிராக்டரில் வருவது. ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது பம்பையே அழித்துவிடக்கூடியது.

பேக்ஹோவுக்கான எண்ணெயை டிராக்டரின் சொந்தப் பம்பிலிருந்து எடுக்கும் பல அமைப்புகளில், எண்ணெய் பம்பிலிருந்து புறப்பட்டு, பேக்ஹோவின் வால்வு வழியாக ஓடி, திரும்பி வரும் ஒரே சுற்றாக இருக்கும். லிவர்கள் நடுநிலையில் இருக்கும்போதும் அந்த ஓட்டம் நிற்பதில்லை. பேக்ஹோவைக் கழற்றியதும் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. போகும் வழி அடைபட்ட எண்ணெய், அழுத்தம் மிஞ்சும்போது திறக்கும் ரிலீப் வால்வைத் திறந்துகொண்டு வெளியேறுவதால், ஒரு கீச்சொலி தொடர்ந்து கேட்கும். இன்ஜின் ஐடிலிலேயே திணறும். சில நிமிடங்களில் எண்ணெய்க் குழாயைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறும். மும்முனை லிப்ட் தூக்காமலும் போகலாம்.

இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் உடனே இன்ஜினை அணையுங்கள். டிராக்டர் பக்கத்தில் உள்ள போகும் கப்ளரையும் திரும்பும் கப்ளரையும் ஒன்றோடொன்று நேரடியாகவோ, அதற்கென்று வரும் சிறிய ஓஸ் துண்டாலோ இணைத்துச் சுற்றைப் பூர்த்தி செய்யுங்கள். அந்த ஓஸ் துண்டைக் கழற்றும் நாளில் தேடிக்கொண்டிருக்காமல், டூல் பாக்ஸிலேயே கட்டி வைப்பது நல்லது. பிடிஓவில் (டிராக்டரின் பின்னால் சுழலும் விசைத் தண்டில்) தனிப் பம்பும் தனித் தொட்டியும் உள்ள பேக்ஹோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே பம்பைப் பிடிஓ தண்டிலிருந்து கழற்றி, பேக்ஹோவின் சட்டத்திலேயே மாட்டி வைத்தால் போதும்.

லிவர் இறுகியிருக்கிறது, அல்லது தள்ளினால் நடுநிலைக்குத் திரும்பி வரவில்லை

இரண்டாவது நிலை மிகவும் ஆபத்தானது. லிவரை விட்ட பிறகும் ஸ்பூல் நடுவுக்கு வராவிட்டால், பக்கெட் தன் போக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே இன்ஜினை இயக்குவதற்கு முன்பே, ஒவ்வொரு லிவரையும் கையால் இரு பக்கமும் தள்ளிவிட்டு, அது தானாக நடுவுக்குத் திரும்புகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இறுக்கத்திற்குக் காரணம் பெரும்பாலும் வால்வின் உள்ளே இருப்பதில்லை. லிவரின் இணைப்புப் பின்களில் துரு, ஸ்பூல் முனையை மூடும் ரப்பர் உறை கிழிந்து உள்ளே தேங்கிய மழைநீர், உறைக்கும் வால்வுக்கும் நடுவே குளவிக்கூடு என்று வெளியில்தான் காரணம் இருக்கும். இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்பூலை மட்டும் தனியாக அசைத்துப் பார்த்தால், குறை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். துருவிளக்கி எண்ணெயைத் தெளித்து, ஓர் இரவு ஊறவிட்டு, மெல்ல அசைத்து விடுவியுங்கள். லிவரில் நீளமான குழாயைச் செருகி நெம்பினால் ஸ்பூல் வளைந்துவிடும். பிறகு முழு வால்வையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

பூம் துள்ளித் துள்ளி நகர்கிறது, பம்ப் உறுமுகிறது

துள்ளல் மட்டும் இருந்தால், ஓஸ் மாட்டும்போது உள்ளே புகுந்த காற்றே காரணம். இன்ஜினைக் குறைந்த வேகத்தில் வைத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் முழு நீளத்திற்கு நான்கைந்து முறை மெதுவாக நீட்டி மடக்குங்கள். காற்று தொட்டிக்குத் திரும்பி வெளியேறிவிடும். பத்து நிமிடத்திலும் சீராகாமல், பம்பிலிருந்து கற்களை அரைப்பது போன்ற ஒலியும் வந்தால், பம்புக்கு எண்ணெய் போதவில்லை என்று பொருள். எண்ணெயின் அளவு, உறிஞ்சும் ஓஸின் கிளாம்ப், தொட்டி மூடியில் உள்ள காற்றுத் துளை என்ற வரிசையில் பாருங்கள். காற்றுத் துளையைக் குளவி அடைத்திருந்தால், மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் ஒலி மாறிவிடும் என்பதே அதைக் கண்டறியும் எளிய சோதனை. எண்ணெயின் அளவைப் பார்க்கும்போது சிலிண்டர்கள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறதோ, அந்த நிலையிலேயே பாருங்கள். ராடுகள் நீண்டிருக்கும்போது அளவு குறைவாகத் தெரிகிறதே என்று ஊற்றிவிட்டால், அவை உள்ளே போகும்போது தொட்டி நிரம்பி வழியும்.

எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் அதில் காற்றோ நீரோ கலந்திருக்கிறது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, இரண்டு மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து தெளிந்துகொண்டே வந்தால் அது காற்று நுரை. அப்போதும் வெளுப்பு மாறாமல் இருந்தாலோ, அடியில் நீர் தனியாகப் பிரிந்தாலோ, மழைநீர் இறங்கிவிட்டது. ஐயம் தீராவிட்டால், சூடான தோசைக்கல்லில் ஒரே ஒரு துளி விட்டுப் பாருங்கள். நீர் கலந்த எண்ணெய் படபடவென்று வெடிக்கும். நீர் கலந்த எண்ணெயை வடிகட்டிப் பயன்படுத்த முயலாதீர்கள்; முழுவதையும் வடித்து, பில்டரையும் மாற்றுங்கள். பேக்ஹோவும் டிராக்டரும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பில், அந்த நீர் கியர் பெட்டிக்கும் போகும் என்பதை நினைவில் வையுங்கள். ஊற்றும் எண்ணெயின் தரம் டிராக்டர் நிறுவனம் சொல்வதாகவே இருக்க வேண்டும். கொட்டகையில் மிச்சமிருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றிச் சமாளிக்க வேண்டாம்.

ராடில் துருப் புள்ளிகள், ஓரிரு நாளில் சிலிண்டர் கழுத்தில் கசிவு

பேக்ஹோவைச் சேமித்து வைப்பதில் நான் மிகவும் கவலைப்படுவது இந்த ராடுகளைப் பற்றித்தான். பளபளப்பான அந்த முகம் முழுவதும் குரோமியம் என்று நினைத்துவிடக்கூடாது. உருக்குத் தண்டின் மேல் பொதுவாக 20 முதல் 30 மைக்ரான் தடிமனுக்கு மட்டுமே குரோம் பூச்சு இருக்கும். அதிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் இயல்பாகவே உண்டு. ஈரம் அந்த வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கி உருக்கைத் துருப்பிடிக்கச் செய்ததும், பூச்சு கொப்புளித்து உதிர்கிறது. உதிர்ந்த குழியின் விளிம்பு கத்தி போல இருக்கும். ராடு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலின் உதட்டை அது அறுத்துக்கொண்டே போகும்.

ஆகவே துருவைக் கண்டதும் இயக்கிப் பார்க்காமல், ராடை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, அதன் மேல் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தடுக்காமல் போனால் அது மேற்பரப்புத் துரு மட்டுமே. மிக நுண்ணிய உருக்குக் கம்பளியை எண்ணெயில் நனைத்து, ராடைச் சுற்றி வளையவாக்கில் தேய்த்தால் போய்விடும். நீளவாக்கில் தேய்க்கக்கூடாது, அப்படி விழும் ஒவ்வொரு கீறலும் எண்ணெய் வெளியேறும் வாய்க்காலாக மாறிவிடும். நகம் தடுக்கினால், எண்ணெய்க்கல்லால் குழியின் விளிம்பை மட்டும் மழுங்கடித்து, கொஞ்ச நாள் ஓட்டலாம். குழிகள் பலவாக இருந்தாலோ, சீல் உரசும் பகுதியில் பூச்சு உரிந்திருந்தாலோ, ராடைக் கழற்றி மீண்டும் குரோம் பூசிக்கொள்வதே சிக்கனம். அதைச் செய்யாமல் சீல் கிட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு மாதமும் அதே செலவு வரும்.

துருவே இல்லாத ராடிலும் முதல் நாளில் சிறிது கசிவு தெரிவதுண்டு. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்த சீல், எண்ணெய் பட்டு இளகுவதற்கு ஒரு நாள் வேலை ஆகும். இரண்டாம் நாளும் நிற்காவிட்டால்தான் சீலைக் கவனிக்க வேண்டும்.

கழற்றும் நாளில், எந்தெந்த ராடுகளை முழுவதும் உள்ளே இழுத்து நிறுத்த முடியுமோ, அவற்றையெல்லாம் இழுத்துவிடுங்கள். வெளியே நிற்பதைத் தவிர்க்க முடியாத ராடுகளைச் சேறு போகத் துடைத்து, கிரீஸையோ துருத்தடுப்பு எண்ணெயையோ தடிப்பாகப் பூசி, பழைய வேட்டித் துணியை எண்ணெயில் நனைத்துச் சுற்றுங்கள். மீண்டும் இயக்கும் முன் அந்தப் பூச்சைக் கட்டாயம் துடைத்தெடுக்க வேண்டும். ஏழு மாதப் புழுதி அதில் ஒட்டியிருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எங்கள் கொட்டகையின் தகரம் முழுவதும் பறந்துவிட்டது. உப்புக் காற்றிலும் மழையிலும் பேக்ஹோ மூன்று வாரம் வெட்டவெளியில் நின்றது. சுற்றிக் கட்டிய ராடுகள் நான்கும் தப்பின. "இது உள்பக்கம்தானே" என்று பூசாமல் விட்ட சுழற்சி சிலிண்டரின் ராடு மட்டும் கெட்டது.

உர மூட்டைகளை அதே கொட்டகையில் அடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பொட்டாஷ் மூட்டையில் இருப்பது குளோரைடு உப்பு. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தும் தூள், மழைக்கால ஈரக்காற்றில் கசிந்து, ராடின் மீது படியுமானால் துரு பல மடங்கு வேகம் பிடிக்கும். உரத்தை வேறிடத்தில் வையுங்கள். முடியாவிட்டால் நடுவில் ஒரு தடுப்பாவது எழுப்புங்கள். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றிக் கட்டுவதும் தவறு. உள்ளே சிக்கிய ஈரம் இரவில் வியர்த்து, இரும்பின் மேல் நீராகப் படியும். மேலே மட்டும் மறைத்து, பக்கங்களில் காற்றோட்டம் விடுங்கள்.

இணைப்புகளில் கிறீச்சொலி

பின்களைச் சுற்றியுள்ள புஷ்களில் கிரீஸ் காய்ந்துவிட்டது. கிரீஸ் கன்னால் அடிக்கும்போது உள்ளே போகாவிட்டால் நிப்பிளைக் கழற்றி டீசலில் கழுவுங்கள், அல்லது மாற்றுங்கள். எடை தாங்கி நிற்கும் பின்னில் கிரீஸ் ஒரு பக்கம் மட்டுமே போகும். பூமைச் சற்று அசைத்து, எடை மாறிய நிலையில் இன்னொரு முறையும் அடிக்க வேண்டும். கழற்றும் நாளில் பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை அடித்துவிட்டால், மழைக்காலத்து நீர் புஷ்ஷுக்குள் நுழைய இடமிருக்காது.

ஓஸில் வெடிப்பு, பல் தடம், ஈரக் கறை

சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் கொட்டகைக்கு வருகின்றன. வைக்கோல் போருக்கு அருகில் நிறுத்திய பேக்ஹோவின் ஓஸ்கள் அவற்றுக்கு வாய்ப்பாகிவிடும். மேல் ரப்பர் மட்டும் கடிபட்டு, உள்ளே பின்னிய கம்பி தெரியாமல் இருந்தால், அதைக் குறித்து வைத்துக்கொண்டு ஓட்டலாம். கம்பி வெளியே தெரிந்தாலோ, துருவேறியிருந்தாலோ, ஓஸ் எங்காவது உப்பியிருந்தாலோ, மாற்றாமல் இன்ஜினை இயக்கக்கூடாது. வெயில் படும் பக்கத்தில் மட்டும் பொடி வெடிப்புகள் இருந்தால், ஓஸை மடக்கிப் பார்த்து வெடிப்பின் ஆழத்தைக் கணியுங்கள். ஓஸின் மேல் தயாரித்த காலாண்டும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று வயதால் வெடித்திருந்தால், அதே தொகுதியில் வந்த மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கசிவு எங்கே என்று கையால் தடவித் தேடக்கூடாது. 150 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், ஊசித்துளையிலிருந்து வரும் எண்ணெய்க் கீற்று கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். அது கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். நீண்ட குச்சியின் முனையில் ஓர் அட்டையைக் கட்டி, ஓஸின் அருகே மெல்ல நகர்த்துங்கள்; கசியும் இடத்தில் அட்டை நனையும். தவறிப்போய் யாருக்காவது எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டால், வெளியே ஒரு முள் குத்திய அளவே தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. அதைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிடாமல், அந்த மணி நேரமே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, "அழுத்தத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் குத்துக்காயம் என்று எண்ணி ஊசி போட்டு அனுப்பிவிடாமல் இருக்க, அந்த ஒரு வாக்கியம் அவருக்குத் தேவை.